யோர்தான் கரையில் ஒரு கேள்விக்குறி

என்னங்க,

இன்று காலையும் புத்தகத்தைப் பிரித்ததும் புதுப் பசை வாடை. வாங்கி ஒரு மாதமாகியும் போகவில்லை. தஞ்சாவூரிலிருந்து விளக்கக் குறிப்புகள் போட்ட இந்த ஸ்டடி பைபிளைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் கால் மரத்துவிட்டது, அவ்வளவு கனம். நீங்கள் பார்த்திருந்தால் இதற்குத் தனியாக ஒரு டிக்கெட் எடுத்தாயா என்று கேட்டிருப்பீர்கள்.

வேதத்தைச் சம்பவங்கள் நடந்த வரிசையில் வாசிக்க வேண்டும் என்று ஆரம்பித்தவர் நீங்கள்தான். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நீங்களே பட்டியல் எழுதினீர்கள். யோபுவை ஆபிரகாம் காலத்தோடு சேர்த்தீர்கள். தாவீது ஓடி ஒளிகிற இடங்களில் அவருடைய சங்கீதங்களைச் செருகினீர்கள். காலையில் காபி குடித்ததும் நீங்கள் சத்தமாக வாசிப்பீர்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன்.

யோசுவா மூன்றாம் அதிகாரம் வரை நன்றாகத்தான் போனது. இஸ்ரவேலர் யோர்தானைக் கடக்கிற இடம். அறுப்புக்காலம் முழுவதும் அந்த ஆறு கரைபுரண்டு ஓடும் என்று வந்ததும் நிறுத்திவிட்டீர்கள்.

"தை மாசம் அறுக்குறப்ப ஆத்துல ஏது அவ்வளவு தண்ணி? ஆறு பொரண்டா வயல்ல மெஷின் எறங்குமா?"

நீடாமங்கலத்தில் காலமெல்லாம் சம்பா அறுத்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது.

"வேதத்துல போயி கேள்வி கேக்குறீங்களே. நம்பிக்கை இருந்தா வாசிங்க, இல்லன்னா மூடி வைங்க."

நீங்கள் பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மூடி வைத்தீர்கள். அதன்பிறகு என் எதிரில் சத்தமாக வாசிக்கவே இல்லை. நானும் வாசிக்கச் சொல்லவில்லை, வீம்பு. அடுத்த தை அறுப்புக்கு நீங்கள் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஓய்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். போனிலேயே எல்லாம் இருக்கிறது என்றான் மகன். எனக்குக் கையில் பிடிக்கிற புத்தகம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தஞ்சாவூர் புத்தகக் கடைக்காரர் மூன்று பைபிளை எடுத்து வைத்து, பெரிய எழுத்து வேண்டுமா, வரைபடம் வேண்டுமா என்று விசாரித்தார். மூன்றிலும் யோசுவா மூன்றாம் அதிகாரத்தை எடுத்துத் தரச் சொன்னேன்.

முதலாவதில் படங்கள் கண்ணைப் பறித்தன. ஆற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டாவது, நீங்கள் ஆசைப்பட்டபடி சம்பவ வரிசையிலேயே அச்சடித்தது. மனம் அதற்குத்தான் போனது, ஆனால் விளக்கக் குறிப்பே கிடையாது. மூன்றாவது வழக்கமான வரிசைதான். அதன் கடைசியில் கால வரிசைப்படி வாசிக்க ஓர் அட்டவணை இருந்தது. யோசுவாவில் பக்கத்தின் அடியில் உங்களுக்குப் பதிலும் இருந்தது. அந்த நாட்டில் அறுப்பு நம்முடைய பங்குனி, சித்திரையில் வருமாம். மலையில் பனி உருகி ஆறு பெருகுவதும் அப்போதுதானாம். அறுப்பு என்றால் தை என்றே நாம் இரண்டு பேரும் நினைத்திருக்கிறோம்!

கடையில் நின்றபடியே அழுதுவிட்டேன். கடைக்காரர் பாவம், நாற்காலி எடுத்துப் போட்டார். நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. உங்கள் வாயை நான் அடைத்ததுதான் தப்பு.

மறுநாளே யோசுவாவில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். காபி குடித்துவிட்டு, சத்தமாக, ஒருநாள்கூட விடவில்லை. இன்று ரூத்தின் கதைக்கு வந்திருக்கிறேன். ரூத்தின் மாமியார் நகோமியின் கணவன் இறந்துபோனதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வரியில் மகன்களுக்குக் கல்யாணம் என்று போகிறது. அன்றைக்கு அவள் யாரிடம் பேசினாள், அந்த வீட்டில் எப்படி இருந்தாள், ஒன்றும் இல்லை. பக்கத்தின் அடியில் தேடினேன். அங்கேயும் இல்லை.

உங்கள் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். மூடி வைக்கவில்லை. அடுத்த வரியை வாசித்தேன்.