எழுந்திருக்கக் கூடாத வேலை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சௌக்கியம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை. முகம்தான் பன் மாதிரி உப்பியிருக்கிறது.

சும்மா படுத்துக் கிடக்கிறேன் என்று திட்டுவாயே, இப்போது அதுவே என் உத்தியோகம். விண்வெளியில் மாதக்கணக்காக மிதப்பவர்களுக்குக் கால் ஏன் துவண்டுபோகிறது என்று கண்டுபிடிக்க, கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்தி எங்களைப் படுக்கவைத்திருக்கிறார்கள். சாப்பாடு, குளியல் எல்லாம் படுத்தபடியேதான்.

நேற்று மத்தியானத் தூக்கத்தில் நம் ஊர் பஸ் வந்துவிட்டது. "பஸ், பஸ்!" என்று கத்திக்கொண்டே பாதி எழுந்துவிட்டேன். நர்ஸம்மா ஓடிவந்து, "ஐயா, படுங்க! நீங்க எந்திரிச்சா இத்தனை நாள் பரிசோதனையும் வீணாப் போயிடும்" என்று தோளை அழுத்தினார்.

"எனக்கும் ஒரு சீட் பிடிச்சீங்களா அண்ணே?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு வழுக்குகிறது. கட்டிக்கொள்ள ஒரு கயிறு அனுப்பு. பாப்பாவின் போட்டோவும் பெரிதாக ஒன்று அனுப்பு, கூரையில் ஒட்டச் சொல்கிறேன்.

ரத்தம் எடுக்க வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். போனில் "எப்ப வர்றீங்க?" என்று மட்டும் கேட்காதே. கேட்டால் எழுந்து வந்துவிடுவேன். இங்கே கதவுக்குப் பூட்டே கிடையாது.

பாப்பாவின் அப்பா