மொட்டை நிலத்தில் நீங்கள் நட்ட நிழல்

இதனால் கெர்லிங் வட்டாரத்துப் பெரியோர்கள், தாய்மார்கள், வாலுள்ள ஜீவராசிகள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இன்று காலை ஏழு மணிக்கு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பள்ளிச் சட்டையின் வலது கையை நம் லெட்சுமி மென்று விழுங்கிவிட்டாள். சட்டைக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். மாடு நலம்.

அத்தை, இதை உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது. மிச்சத் துணியை அவள் வாயிலிருந்து பிடுங்கியபோது மூச்சில் செம்பெடாக் பழ வாசம் அடித்தது. மரத்தடியில் விழுந்த பழத்தையும் தின்றிருக்கிறாள். "யாருடா பழத்தப் பொறுக்காம விட்டது?" என்று நீங்கள் கத்தப்போகிறீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. கழுத்துக்கு இன்னும் பழக்கம் போகவில்லை.

உங்கள் பதினொரு மாடுகளை இப்போது நானும் அம்மாவும் பார்க்கிறோம். ஐந்து மணிக்கு எழுந்து கறந்து, பாலைக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, வகுப்பில் போய்த் தூங்குகிறேன். "என்னடா, மாட்டு டாக்டரா ஆகப்போறியா?" என்று சார் கேட்டார். "இப்போதைக்கு மாடு சார், டாக்டர் அப்புறம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

எனக்கு நினைவு தெரிந்தபோது உங்கள் மூன்று ஏக்கர் மேய்ச்சல் நிலமும் மொட்டை. அதை மொட்டையாக்கியதே நீங்களும் மாமாவும்தான். முப்பது வருடம் எஸ்டேட் தோட்டத்தில் கூலிக்குப் புல் வெட்டிய கைகள். நிரைக்கு நடுவே ஒரு செடி நின்றாலும் வேலை வாங்கும் மண்டோர் ஏசுவார். அதனால் சொந்த நிலம் வந்ததும், யாரும் சொல்லாமலே, நின்ற மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளினீர்கள். "நெலம்னா தொடச்சி வச்ச மாதிரி இருக்கணும்டா" என்பீர்கள். ஒருநாள் வேலிக்குப் பின்னாலிருந்து நான் குரலை மாற்றி, "மண்டோர் வராரு!" என்று கத்தினேன். நீங்கள் சட்டென்று குனிந்து புல் பிடுங்கத் தொடங்கினீர்கள். உங்கள் சொந்த நிலத்தில்! பிறகு மாட்டுக் கயிற்றால் எனக்குக் கிடைத்தது வேறு கதை.

மாமா தவறிய வருடம் வெயில் கொளுத்தியது. நிலத்தில் ஒதுங்க ஓர் இலைகூட இல்லை. மத்தியானமானால் மாடுகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலியை முட்டும், பக்கத்துத் தோட்டத்து எண்ணெய்ச் செம்பனை நிழலுக்குப் போகும். நீங்கள் பின்னாலேயே ஓடுவீர்கள். ஒருநாள் அங்கே புல்லுக்கு மருந்து அடித்திருந்தார்கள். இரண்டு மாடுகள் திரும்பி வந்து, தொட்டிப் பக்கத்தில் படுத்து, எழவே இல்லை.

அப்பா தோட்டத்துக்காரர்களைத் திட்டினார். நீங்கள் வேலியோரம் உட்கார்ந்தபடி சொன்னீர்கள்: "அவங்கள ஏன் ஏசற? அதுங்க நெழலத் தேடிப் போச்சு. நெழல வெட்டுனது நான்தான்."

அடுத்த வாரமே காட்டோரத்திலிருந்து கன்றுகள் வந்தன. பூலாய், பெத்தாய், செம்பெடாக் எல்லாம் இந்த ஊர் மண்ணில் தானாக முளைக்கிற மரங்கள். மாடு கடிக்காதிருக்கச் சாணியைக் கரைத்து இலைகளில் தெளித்தீர்கள். எனக்கு அப்போது எட்டு வயது. தெளித்ததில் பாதி என் தலையில்தான் விழுந்தது. தெரியாமல் விழுந்தது என்று நீங்கள் சொன்னதை இன்றுவரை நான் நம்பவில்லை.

மாடு மேய்க்கும் நிலத்தில் மரம் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. கால்நடை இலாகா அதிகாரி என்சேக்கிடம், நிழலில் நின்றால் பால் குறையாது என்றீர்கள். அம்மாவிடம், பெத்தாய் காய் சந்தையில் போகும் என்றீர்கள். கேலி செய்த பக்கத்து நிலத்துக்காரரிடம், "ஒங்க மூஞ்சிய மறைக்கத்தான் அண்ணே" என்றீர்கள். நான் கேட்டபோது, "ஒன்னக் கட்டி வைக்கத்தான்டா மருமவனே." ஆளுக்கொரு காரணம். எது நிஜம் என்று தெரியாமலே நான் வளர்ந்தேன், மரமும் வளர்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன், தினேஷ் மச்சான், ஷா ஆலத்திலிருந்து வந்தார். கூடவே மரம் அறுக்கும் செயின்சோ வைத்திருக்கும் ஒரு குத்தகைக்காரர். மரத்தை வெட்டி, மாட்டை விற்றுவிட்டு, செம்பனை நடுவதாகத் திட்டம். "அம்மா இல்ல, யாருடா பாக்கறது?" என்றார்.

அப்போது நான் பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! மண், நிழல், பால், காய், உரம், பறவை என்று ஆறு காரணங்களை அடுக்கினேன். மச்சான் வாயடைத்துப் போனார். குத்தகைக்காரர் தொப்பியைக் கழற்றினார். இப்படித்தான் அம்மாவிடமும் வகுப்பிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்களிடம் எடுபடாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அவர்கள் எல்லையை அளக்கப் போனார்கள். மாடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் பெரிய பூலாய் மரத்தடியில் என்ன பேசலாம் என்று யோசித்தபடி உட்கார்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குத்தகைக்காரரைக் காணோம். பதறி எழுந்து மாடுகளைத் தேடினேன். பதினொன்றும் எங்களைச் சுற்றிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வேலிப் பக்கம் போகவில்லை.

"ரெண்டு மணி நேரம் தூங்கிட்டடா" என்றார் மச்சான். "அம்மாவும் இங்கதான் படுப்பாங்களா?"

"ஆமா மச்சான். தெனமும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தில் சாய்ந்து கால் நீட்டினார். "ஷா ஆலத்துல இப்படித் தூங்கி எத்தன வருஷமாச்சு தெரியுமா?" என்றார். பிறகு, "இருக்கட்டும் லா. வெட்ட வேணாம்."

அத்தை, எல்லோருக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னீர்கள். 'எனக்கு அசதியாக இருக்கிறது, கொஞ்சம் படுக்க வேண்டும், அதுவரை மாடு எங்கும் போகக் கூடாது' என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு எழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அது புரிகிறது.

அந்த ஆறு காரணங்கள்? மறுநாள் பால் கறக்கும்போதுதான் ஒவ்வொன்றாகத் தோன்றின. உங்கள் மரங்களுக்காக அன்று நான் வாயைத் திறந்தது உண்மைதான் அத்தை. குறட்டை விட.