இடப்பக்கச் சில்லின் ஐந்தாவது ஆணி

துணுக்காய்,
06.01.2025

அன்பின் செந்தூரன்,

நான் சுகம். நீ சுகமோ என்று கேட்கப் போவதில்லை. நேற்றும் உன் அம்மாவின் போனில் உன் முகத்தைப் பார்த்தேன். குளிருக்குத் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தாய். அது போதும்.

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். நினை. வட்ஸ்அப்பில் எழுதினால் நான் இரண்டு வரி முடிக்க முன்னம் நீ வொய்ஸ் போட்டுப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவாய். இந்த முறை நான் முழுக்கச் சொல்லி முடிக்க வேண்டும். நீ குறுக்கே வரக்கூடாது. அதற்குக் கடிதத்தை விட்டால் வேறு வழி இல்லை.

மல்லாவிப் பெடியன் ஒருவன் வருகிற கிழமை ருமேனியாவுக்கு உன் பக்கம் வருகிறான். அவனிடம் பொதி கொடுத்துவிட்டிருக்கிறோம். உன் அம்மாவின் மிளகாய்த்தூள், என் அம்மாவின் கருவாட்டுச் சம்பல், பிறகு பேப்பரில் சுற்றிய ஒரு துண்டு இரும்பு. இரும்பு என்னுடையது. எறிந்துவிடாதே. கடைசி வரைக்கும் வாசித்தால் விளங்கும்.

மழை நன்றாகப் பெய்கிறது. வயல் பச்சையாய் நிற்கிறது. உன் ஐயாவின் மூன்று ஏக்கரிலும் நோய் இல்லை. எங்கள் துண்டில் ஒரு மூலை மஞ்சளாகிவிட்டது. அப்பா வழக்கம்போல வானத்தைத் திட்டிக்கொண்டு திரிகிறார்.

இனி விசயம். மாரி வேலை இந்த முறையும் நடந்தது. நீ இல்லாமல் நடந்தது. டிசெம்பர் 27, 28, 29 மூன்று நாளும் நடந்தது. குளம் நிரம்பி வான் பாய்ந்து பாதை அறுபட முன்னம், ஊரில் படுத்துக் கிடக்கிற பழைய ஜீப், லான்ட்ரோவர் எல்லாவற்றையும் ஒரே கொட்டிலுக்கு இழுத்து வந்து எல்லோருமாய்ச் சேர்ந்து எழுப்பிவிட வேண்டும் என்பது நீ தொடங்கிய பழக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வருடம் ஒழுங்குபடுத்தியவன் நான்.

கொட்டிலுக்கென்று பழைய நெல் களஞ்சியத்தின் பூட்டுத் திறப்பை வாங்க மூன்று தரம் நடந்தது நான். கிருபனின் வெல்டிங் பிளான்ட்டை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்தது நான். கூரை ஒழுகிய இடத்துக்குப் படங்கு கட்டியது நான். பதினொரு பேருக்கு என் அம்மா மூன்று நாளும் ரொட்டி தட்டினா. அவாவும் மூன்றாம் நாள், "செந்தூரன் தம்பி இருந்தா இன்னும் ரெண்டு ரொட்டி கூடத் தின்னும், பாவம்" என்றா. பெற்ற தாய் இப்படி என்றால் மற்ற ஆட்களை என்ன சொல்ல?

ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு வேலைத்தாள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். என்ன பிழை, என்ன காரணம், யார் செய்வது, எப்போது முடியும். கல்லூரியில் இரண்டு வருடம் அப்படித்தான் படிப்பித்தார்கள், கிளிநொச்சியில் நான் வேலை செய்கிற இடத்திலும் அப்படித்தான். ஐயாத்துரை அண்ணர் தன் லான்ட்ரோவரின் தாளை நின்று வாசித்தார். வாசித்துவிட்டு, "எல்லாம் வடிவாய் எழுதியிருக்கிறாய் தம்பி. செந்தூரன் பாஸ் இதுக்கு என்ன சொல்லுறார்?" என்று கேட்டார்.

பாஸ். நீ பாஸ், நான் தம்பி. மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்று கைவேலை தெரிந்தவனுக்கு எங்கள் ஆட்கள் கொடுக்கிற அந்தச் சொல்லு, ஓ.எல் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்ட உனக்குப் பத்தொன்பது வயதிலேயே கிடைத்துவிட்டது. என்னிடம் சட்டம் போட்ட சான்றிதழ் இருக்கிறது. ஹைபிரிட் கார் வந்தால் ஸ்கானரைக் கொழுவி ஐந்து நிமிடத்தில் பிழையைச் சொல்லுவேன். ஊருக்குள் வந்தால் நான் சிவராசாவின் மகன், தம்பி, அவ்வளவுதான்.

நான் சுற்றி வளைத்துச் சொல்கிறவன் இல்லை. எனக்கு உன்மேல் பொறாமை. எழுதிவிட்டேன், இனி அழிக்க ஏலாது. இது இன்று நேற்று வந்ததும் இல்லை. நாலாம் வகுப்பில் நான் எங்கள் வீட்டு வழக்கில் 'ஆமா' என்று சொல்லும்போதெல்லாம் 'ஓம் எண்டு சொல்லடா' என்று திருத்தினாயே, அன்றிலிருந்து வருகிறது. ஒன்பது மாதத்துக்கு முன்னம் கராஜ் வேலை என்று நீ ருமேனியாவுக்கு விமானம் ஏறியபோது, உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நீ போனாய். உன் பெயர் போகவில்லை. கார்த்திகையில் நீ ஒரு படம் அனுப்பினாய், கையில் கோப்பிக் கோப்பை. நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, நகத்தைப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கிறீஸ் கறுப்பு இல்லை. அங்கே நல்ல கையுறை கொடுப்பார்கள் போல, கொடுத்து வைத்தவன் என்று எரிந்துகொண்டு போனை மூடினேன்.

முதல் நாள் காலையிலேயே எல்லோரும் உனக்குப் போன் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எஞ்சின் இருமினால் உனக்கு ஒரு வீடியோ. கியர் கரகரத்தால் உனக்கு ஒரு வீடியோ. ஆறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து நீ சொல்ல, பக்கத்தில் நிற்கிற நான் ஸ்பனர் எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு விசர் வந்தது. வேலைக் கொட்டிலுக்குள் போன் கூடாது, பாதுகாப்பு விதி என்று சொல்லி, எல்லோருடைய போனையும் ஒரு உரப்பையில் போடுவித்துக் கூரை வளையில் தொங்கவிட்டேன். கிருபன் தன் போனைப் போடும்போது, "பெற்றோல் மணத்துக்குப் பயமோ, செந்தூரனுக்குப் பயமோ?" என்றான். நான் உரப்பையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.

அன்று எனக்கும் நீ ஒரு வொய்ஸ் போட்டிருந்தாய். நாலு நிமிடம் பன்னிரண்டு செக்கன். நான் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் உங்கள் ஜீப்பை இழுத்து வந்தார்கள். அதைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்த நேரம் காட்டுக்குள் விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து கொடி படர்ந்து கிடந்ததை உன் ஐயா வெட்டி எடுத்த ஜீப். பிரேக் பிடிக்கவில்லை. வான் பாய்ந்தால் உன் அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக அதைவிட வேறு வாகனம் இல்லை. அதனால் அதை வேறு யாரிடமும் கொடுக்காமல் வேலைத்தாளில் என் பெயரை நானே எழுதினேன். இதை நான் எழுப்பிக் காட்டினால் உன் ஐயா என்னைப் பாஸ் என்று சொல்லத்தான் வேண்டும். வேறு ஆட்கள் சொல்லி என்ன, அந்த மனுசன் சொல்ல வேண்டும்.

வலப்பக்கச் சில்லு இரண்டும் சுகமாய்க் கழன்றன. இடப்பக்கம் முன்சில்லுக்கு வந்தேன். ஐந்து ஆணி, ஐந்து நட். முதல் நட் அசையவில்லை. கறள் பிடித்து இறுகிவிட்டது என்று நினைத்தேன். டீசல் விட்டு ஊறவைத்தேன். ஆணியின் தலையைக் கம்பித்தூரிகையால் தேய்த்தபோது L என்று ஒரு எழுத்துத் தெரிந்தது. இடப்பக்கம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள், எது இடப்பக்கம் என்று எனக்குத் தெரியாதாக்கும் என்று மனதுக்குள் சிரித்தேன். வீல் ஸ்பனரில் இரண்டு முழம் குழாயைச் செருகி மேலே ஏறி உழக்கினேன். டக் என்று சத்தம். நட் கழலவில்லை, ஆணி முறிந்தது. இரண்டாவதும் அப்படித்தான். அப்போது கிருபன் வந்து, "கொஞ்சம் பொறு விஜி, ஒருக்கால் செந்தூரனைக் கேப்பம்" என்றான்.

அந்த ஒரு வசனத்தில்தான் மூன்றாவது ஆணி முறிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணீர்க் கேத்தலோடு உன் தங்கச்சி சுதாஜினி வந்தாள். அவளுடைய போன் என் உரப்பைக்குள் இல்லையே. "அண்ணா உங்களுக்கு வொய்ஸ் போட்டவராம், நீங்கள் கேக்கேல்லையாம், எனக்கு அனுப்பி உடனை போட்டுக் காட்டச் சொன்னவர்" என்று எல்லோருக்கும் முன்னால் சத்தமாய்ப் போட்டாள். நீ பேசினாய். "விஜி, எங்கடை ஜீப்பிலை இடப்பக்கம் ரண்டு சில்லும் எதிர்ப்புரி. மற்றப் பக்கம் சுத்தித்தான் கழட்ட வேணும். ஆணியிலை L எண்டு கிடக்கும், அது அதுக்குத்தான். நீ குழாய் போட்டு ஏறி உழக்குவாய் எண்டு எனக்குத் தெரியும். உழக்காதை மச்சான்."

நான் அப்போதும் குழாயின் மேல்தான் நின்றேன்.

கழற்றுகிறேன் கழற்றுகிறேன் என்று நான் முக்கால் மணித்தியாலமாய் இறுக்கியிருக்கிறேன். பத்துப் பேரும் சிரித்த சிரிப்பில் படங்கு விழாதது அதிசயம். கிருபன் சுவரில் இருந்த என் வேலைத்தாளை எடுத்து, 'காரணம்' என்ற இடத்தில் 'விஜிதரன்' என்று எழுதினான். நான் வெளியே போய் மழைக்குள் நின்றேன். அந்த நேரம் நீ முன்னால் நின்றிருந்தால் குழாயால் அடித்திருப்பேன். எதிர்ப்புரி எனக்குப் படிப்பிக்காததற்கு அல்ல. நான் ஏறி உழக்குவேன் என்பது வரைக்கும் நீ சரியாய்ச் சொன்னதற்கு.

கொஞ்ச நேரத்தில் உன் ஐயா குடையோடு வந்தார். பேச்சு விழப் போகிறது என்று நினைத்தேன். அவர் முறிந்த ஆணி மூன்றையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "அவனுக்கு இது ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டார். "பதினாறு வயதிலை இதே சில்லிலை ரண்டு முறிச்சவன். பயத்திலை கிணத்துக்குள்ளை போட்டவன். அவன்ரை முதுகுதான் படிச்சது" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ மூண்டு. அவனை விட ஒண்டு கூட" என்றார்.

மழைக்குள் நின்று நானும் சிரித்தேன், செந்தூரன். இத்தனை வருடத்தில் ஒரு விசயத்திலாவது உன்னை வென்றிருக்கிறேன். இதை நீ ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லையே. ஊரெல்லாம் பாஸ் என்று சொல்லும்போது, கிணற்றுக்குள் இரண்டு ஆணி கிடக்கிறது என்று எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம். நான் உன்னை இவ்வளவு பெரிய ஆளாய் நினைத்து மெலிந்திருக்க மாட்டேன்.

எதிர்ப்புரி ஆணி வவுனியா முழுக்கத் தேடியும் இல்லை. பூவரசங்குளத்தில் கனகலிங்கம் என்கிறவரின் வளவில் பழைய ஜீப் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் போனேன். ஜீப்பைக் கோழிக்கூடாக்கி வைத்திருக்கிறார். அடைகாத்த கோழி இரண்டு இடத்தில் கொத்தியது. அச்சில் மிச்சமிருந்த இடப்பக்க ஆணி இரண்டுதான், கழற்றி வந்தேன். சரியான பக்கம் சுற்றித்தான் கழற்றினேன், சிரிக்காதே. பிரேக்கை முழுக்கப் பிரித்துச் செய்தேன், இப்போது கல்லு மாதிரிப் பிடிக்கிறது. அந்தச் சில்லில் மட்டும் நாலு ஆணி. மெதுவாய் ஓடப் போதும். ஆனால் வேலை முடிந்ததாய் நான் தாளில் எழுத மாட்டேன்.

இரண்டாம் திகதி குளம் வான் பாய்ந்தது. மூன்றாம் திகதி உன் அம்மாவுக்குக் கிளினிக். தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஓடியது. நான்தான் ஓட்டினேன், உன் ஐயா பக்கத்தில் இருந்தார். நடுப்பாதையில் வண்டி ஒருக்கால் ஆடியது. உன் ஐயா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "பாஸ், மெதுவா" என்றார்.

சொல்லிவிட்டார். வாய் தவறிச் சொன்னாரோ, வேண்டுமென்று சொன்னாரோ, கேட்கவில்லை. சந்தோசமாய் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிமிடம் நான் திரும்பிப் பின்சீற்றைப் பார்த்தேன். கேட்டாயோடா என்று உன்னிடம் கேட்கத்தான். அங்கே உன் அம்மா கிளினிக் கொப்பியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தா. அவா எப்படி இருக்கிறா என்று நீ கேட்டால் சுகம் என்றுதான் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டேன்.

இருவரும் கிளினிக்குக்குள் போன பிறகு, ஜீப்புக்குள் தனியே இருந்து உன் வொய்ஸ் முழுவதையும் கேட்டேன். நாலு தரம் கேட்டேன். சில்லில் தொடங்கி பிரேக், கார்புரேட்டர், வயரிங் என்று உங்கள் ஜீப்பின் ஒவ்வொரு சாமானையும் கண்ணை மூடித் தடவுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போகிறாய். ஆணியைப் பற்றிச் சொல்ல நாலு நிமிடம் ஏன் என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு பின்னால் கேட்கிற சத்தத்தைக் கவனித்தேன். பெட்டிக்கு டேப் ஒட்டும்போது கிர்ர் என்று இழுபடுகிற சத்தம். விடாமல், அளவாய், ஒன்றன்பின் ஒன்றாய். அது உன் கையில்தான் இழுபட்டது. ஒவ்வொரு இழுவைக்கும் நீ பேச்சை நிறுத்துகிறாய். கராஜில் யார் நாள் முழுக்கப் பெட்டி ஒட்டுகிறார்கள்?

பிறகு அந்தக் கோப்பிப் படத்தைத் திரும்ப எடுத்து உன் நகத்தைப் பார்த்தேன்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. உன் ஐயாவுக்கும் இல்லை. ஊரில் நீ இப்போதும் பாஸ்தான். யாராவது உனக்கு எடுத்தால் இனி நான் தடுக்கப் போவதில்லை, நானே போனைப் பிடித்துக் காட்டுகிறேன். உரப்பையை அவிழ்த்துவிட்டேன்.

பேப்பரில் சுற்றி அனுப்பியது நான் முறித்த மூன்றாவது ஆணி. அளவுக்கு. அங்கே பழைய இரும்புக் கடை இருந்தால் லீவு நாளில் போய்த் தேடிப்பார். எதிர்ப்புரி, தலையில் L இருக்கும், உனக்குச் சொல்லத் தேவையில்லை. கிடைத்தால் தபாலில் போடாதே. வருகிற பெடியன்களிடம் கொடுத்துவிடாதே. அவசரம் இல்லை, நாலு ஆணியில் நான் மெதுவாய் ஓட்டுவேன். ஆனால் அடுத்த மாரிக்கு முன்னம் நீயே கையோடு கொண்டு வா. மற்றப் பக்கம் சுற்றி நீயே இறுக்கு.

பொங்கலுக்கு உன் பெயருக்கும் ஒரு பிடி அரிசி போடச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். குளிருக்குள் கவனம். கையை நன்றாய் மூடிக்கொள்.

இப்படிக்கு,
உன்னை விட ஒன்று கூட முறித்த
விஜிதரன்