ஆடிக் காற்று, கர்க்கடக மழை

கரமனை, திருவனந்தபுரம்,
12-6-1935

சௌபாக்கியவதி சூடாமணிக்கு ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சுகம். நீ வரப்போகும் ஆவணிக்கு அம்மா இப்போதே நாள் எண்ணுகிறாள். சமையலறையில் உனக்கு எந்த அலமாரி என்றுகூட முடிவாகிவிட்டது.

எனக்கு ஒரு சங்கடம். நான் எங்கள் காலேஜ் பட்டம் கிளப்புக்குச் செக்ரட்டரி. போன வாரம் ஒரு பட்டம் லாபரட்டரிக் கூரையில் விழ, எடுக்க ஏறிய சத்தியதாஸ் ஏழு ஓடுகளை உடைத்துவிட்டான். இனி காலேஜ் மைதானம் கிடையாது, வேறு இடம் பார்க்காவிட்டால் கிளப்பையே கலைத்துவிடுவேன் என்று பிரின்ஸிபால் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோது உனக்குப் பட்டம் விடத் தெரியும் என்று என் காதில் சொன்னாய். அன்று சிரித்துவிட்டேன். இப்போது வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பஞ்சாபகேசன்

*

ஆரல்வாய்மொழி,
18-6-1935

நமஸ்காரம். கடிதத்தை அப்பா பிரிக்காமலே என்னிடம் கொடுத்தார். நீங்கள் சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் அப்புறம் நான் வாயையே திறக்கவில்லை.

அப்பா வேலை பார்க்கும் சுங்கச் சௌக்கையில் கழித்துப்போடும் ரிஜிஸ்தர் தாளில்தான் நான் பட்டம் ஒட்டுவேன். இடம் பார்க்கப் பட்டமே வேண்டாம். கொடியில் காயும் வேஷ்டியைப் பாருங்கள். படபடவென்று எல்லாப் பக்கமும் அடித்துக்கொண்டால் பக்கத்தில் மரமோ சுவரோ காற்றைக் கெடுக்கிறது. ஒரே பக்கமாக விறைத்து நின்றால் அதுதான் இடம். மாதத்தில் ஆடிதான் உத்தமம். பட்டத்தை ஏற்றி, நூலை முளையில் கட்டிவிட்டு, சாப்பிட்டுக்கூட வரலாம்.

நானும் ஒன்று கேட்கிறேன். இங்கே சௌக்கைக்குப் பின்னால் வெட்டவெளி, யாரும் பார்ப்பதில்லை. நான் வந்த பிறகு அங்கே எனக்கும் பட்டம் விட ஓர் இடம் இருக்குமா? இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

சூடாமணி

*

கரமனை,
6-7-1935

சௌ. சூடாமணிக்கு,

நீ கெட்டிக்காரி. நாலு நாள் ஊரில் உள்ள கொடிகளையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தேன். பேட்டையில் ஓர் அம்மாள் துடைப்பத்தோடு வெளியே வந்து, "எந்தா வேண்டது?" என்று கேட்டாள். கடைசியில் சங்குமுகம் கடற்கரையில் கிடைத்தது. செம்படவர்கள் உலர்த்தியிருந்த துணியெல்லாம் அட்டைபோல நின்றன.

பிரின்ஸிபாலுக்குத் திருப்தி. காலேஜ் பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. ஆடி முதல் ஞாயிறு, இருபத்தொன்றாம் தேதி, பெரிய போட்டி வைத்திருக்கிறோம். தலைக்கு மேல் வேலை, மற்றவை பிறகு.

பஞ்சாபகேசன்

*

ஆரல்வாய்மொழி,
19-7-1935

நமஸ்காரம். பெரியப்பா பிள்ளை ஸ்ரீகண்டன் அண்ணா நேற்று திருவனந்தபுரத்திலிருந்து வந்தபோது உங்கள் காலேஜ் பத்திரிகையைக் கொண்டுவந்தான். பதினான்காம் பக்கத்தில் என் கடிதம் இருந்தது, கீழே உங்கள் பெயர் இருந்தது. நூலை முளையில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கூட நீங்கள்தானாம்.

கோபமில்லை என்று எழுத நினைத்தேன், அது பொய். "என் மனைவி சொன்னது" என்று அரை வரி போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டிப் பெட்டிக்குள் வைத்திருப்பேன்.

இன்னொன்று. ஆடி என்று நான் எழுதியது எங்கள் கணவாய்க் காற்றுக்கு. இங்கே ஆடியில் ஒரு பொட்டுத் தூறினால் அதிசயம். அங்கே அது மழை கொட்டும் கர்க்கடக மாதம் அல்லவா? உங்கள் அம்மாவையாவது கேட்டிருக்கலாம். இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது, இனி உங்கள் அதிர்ஷ்டம்.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. இல்லை என்பதே பதில் என்று எடுத்துக்கொண்டு, பட்டங்களைப் பக்கத்து வீட்டு லீலாபாய்க்குக் கொடுத்துவிட்டேன். ஆவணிக்குப் பதில் தையில் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லலாமா என்றும் யோசனை.

சூடாமணி

*

கரமனை,
24-7-1935

என் சூடாமணிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாளே எனக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. பதினேழு பட்டங்கள். பத்து மணிக்கு மழை பிடித்தது. பசை கரைந்து காகிதம் மணலில் விழ, எல்லோர் கையிலும் மூங்கில் குச்சிதான் மிச்சம். பிறந்ததிலிருந்து கர்க்கடக மழையில் நனைகிறவன் நான். ஆனாலும் நீ அவ்வளவு உறுதியாக எழுதியிருந்ததைப் படித்த பிறகு, மழை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

குடைக்குள் நின்றுகொண்டு பிரின்ஸிபால், ஆடி உத்தமம் என்று எழுதின நிபுணர் எங்கே என்று கேட்டார். பையன்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிட்டேன்: "எழுதினது நான் இல்லை சார், என் ஆம்படையாள். அவ ஊருக்கு அவ சரியாத்தான் எழுதியிருக்கா. காப்பியடிச்ச எனக்குத்தான் மூளையில்லை." அவர் சிரித்த சிரிப்பில் கிளப் பிழைத்தது. அடுத்த இதழில் திருத்தம் வரும், உன் பெயரோடு.

நீ கேட்டதற்குப் பதில் எழுதாதது மறதியால் அல்ல. தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று மழை விட்டதும் ஆற்றுக்கு அக்கரை போனேன். தென்னந்தோப்புக்கு அப்பால் ஒரு பெரிய வயல் இருக்கிறது, ஆவணிக் கடைசியில் அறுவடையாகிவிடும். அங்கே கொடி கிடையாது. இரண்டு கழி நட்டு, கயிறு கட்டி, என் வேஷ்டியையே அவிழ்த்துப் போட்டேன். துண்டோடு ஒரு மணி நேரம் நின்றேன். வேஷ்டி ஒரே பக்கமாக விறைத்து நின்றது, சூடாமணி. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "விடட்டுமே. நீ வேஷ்டியைச் சேறாக்காம இருந்தா போறும்" என்றாள்.

தை வேண்டாம். வந்துவிடு.

பஞ்சாபகேசன்

*

ஆரல்வாய்மொழி,
30-7-1935

நமஸ்காரம். துண்டோடு நின்ற இடத்தை மூன்று தடவை படித்தேன். அம்மா எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டாள், கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அப்பா ஆவணி பதினொன்றுக்கு நாள் பார்த்துவிட்டார். லீலாபாயிடம் கொடுத்த பட்டங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், அவள் என்னோடு பேசுவதில்லை. ரிஜிஸ்தர் தாள் ஒரு கட்டு, கூறைப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெட்டியை உங்கள் அம்மா திறந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அறுவடை முடிந்த முதல் நாள் நீங்கள் பட்டத்தைத் தூக்கிப் பிடியுங்கள், நூல் என்னிடம் இருக்கட்டும்.

அந்த வயலைப் பற்றி மட்டும் பத்திரிகையில் எழுத வேண்டாம்.

உங்கள்
சூடாமணி