எழுந்து டீ போடாதே

பாப்பா அம்மா,

இப்போதுதான் கண் அசந்தாய், எழுப்ப மனசு வரவில்லை. உதவித்தொகை மேல்மனு விஷயமாக தாலுகா ஆபீஸ் அம்மா இன்றைக்குப் பதினொரு மணிக்கு மறுபடி வருகிறார். லாரியில் மூட்டை இறக்கினதும் ஓடி வந்துவிடுவேன், மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது. அதற்குள் அவர் வந்தால் படுத்தபடியே உள்ளே கூப்பிடு. கதவு சாத்தித்தான் இருக்கிறது, தாழ் போடவில்லை. டீ பிளாஸ்கில் இருக்கிறது, அவரே ஊற்றிக் குடிக்கட்டும்.

போன தடவை "வந்தவங்களுக்கு ஒரு டீ போடேன்" என்றது நான்தான். நாலு வருஷ இடுப்பு வலியோடு நீயும் சிரித்த முகமாகக் கொண்டுவந்து கொடுத்தாய். "இவ ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டா மேடம்" என்று நான் வேறு பெருமையடித்தேன். அதையே எழுதிக்கொண்டு போய் உதவித்தொகை கிடையாது என்றுவிட்டார்கள். நேற்று நீ "அந்த டீயாலதாங்க போச்சு" என்றதும் உன் மேலேயே எரிந்து விழுந்தேன். தப்பு என்னுடையது. அந்தம்மாவிடம் அதை நானே சொல்கிறேன்.

சோறு மேடைமேல் இருக்கிறது. பாத்திரம் அப்படியே கிடக்கட்டும்.

இன்னொன்று. தினமும் நான் கேட்டால் "பரவாயில்லைங்க" என்பாய். அது பொய்யென்று எனக்குத் தெரியும். நம்பின மாதிரி இருந்தால் நிம்மதியாக வேலைக்குப் போகலாம், அதனால் அப்படியே இருந்துவிட்டேன். இன்றைக்கு அவரிடம் அப்படிச் சொல்லிவிடாதே. என்னிடமும் இனிமேல் சொல்லாதே.