ஆடியில் வீடு மாறினோம்

ஜூன் 9, 2025 – திங்கள்

காலையில் பால்காரரிடம் இனிமேல் ஒரு பாக்கெட் போதும் என்றேன். "ஊருக்குப் போறீங்களாங்க?" என்று கேட்டார். "இல்லைங்க, வீட்டுக்காரருக்கு வேலை போயிருச்சு" என்றேன். ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே வந்தால் இவர் கோபமாக உட்கார்ந்திருக்கிறார். "பால்காரங்ககிட்டயெல்லாம் சொல்லோணுமா ப்ரியா?"

வேறு யாரிடம் சொல்வதாம்? இவர் மேனேஜராக இருந்த பம்புக் கம்பெனியை மூடி ஒரு மாதம் ஆகிறது. பல்லடத்தில் இருக்கும் இவர் தங்கைக்குக்கூட இன்னும் தெரியாது. தினமும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துகொள்கிறார். யாராவது வந்தால் இன்றைக்கு லீவு என்று சொல்வதற்காம்.

ஜூன் 14 – சனி

இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். வீட்டுக் கடன், கார்க் கடன், கிரகப்பிரவேசத்தை ஜமாய்ப்பதற்கென்று வாங்கிய பெர்சனல் லோன், இரண்டு கிரெடிட் கார்டு. மாதத் தவணை மட்டும் இவருடைய பழைய சம்பளத்தைத் தாண்டுகிறது. அப்படியானால் சம்பளம் வந்தபோது எப்படி ஓட்டினோம்? கார்டைத் தேய்த்து ஓட்டினோம். வேலை போனதால் கடனாளி ஆகவில்லை, ஏற்கெனவே கடனாளிதான். சம்பளம் அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

கத்தரிக்கோலை எடுத்து இரண்டு கார்டையும் நறுக்கினேன். அக்ஷயா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஒரு மாலை போட்டிருக்கலாம்மா" என்றாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்கு வாய் மட்டும் எம்.ஏ.

ஜூன் 19 – வியாழன்

ரேஷன் கடைக்குப் போனேன். இத்தனை வருடம் எங்கள் அட்டைக்கு வரும் பொருளை வேலைக்கு வரும் அம்மாதான் வாங்கிக்கொள்வார். வரிசையில் அவரே எனக்கு முன்னால் நின்றார். எனக்குத்தான் தர்மசங்கடம், அவருக்கு ஒன்றும் இல்லை. "எண்ணெ இன்னைக்கு வராதுங்க, நாளைக்கு வாங்க" என்று விவரம் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று நான் சொல்லப்போவது அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். திரும்பி வரும்போது சொன்னேன். "தெரியுமுங்க. பால்காரர் சொன்னார்" என்றார்.

ரேஷன் அரிசியில் இட்லி நன்றாகவே வந்தது. இவர் இரண்டு முறை போட்டுக்கொண்டார். எந்த அரிசி என்று அதன் பிறகுதான் சொன்னேன்.

ஜூன் 26 – வியாழன்

பேங்குக்கு நானும் போனேன். இவர் வேண்டாம் என்றார். கடன் பத்திரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறதே. மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு தவணை நின்றுபோயிருக்கிறது. ஆகஸ்ட் முதல் தேதிக்குள் கட்டத் தொடங்காவிட்டால் கணக்கு வாராக்கடனில் போய்விடும். அதற்கப்புறம் வீட்டின் மேல் நோட்டீஸ் வரும், அதைத் தன்னால் தடுக்க முடியாது என்றார்.

காரை விற்றால் கார்க் கடன்தான் அடையும், மிச்சம் நிற்காது. அடையட்டும். ஒன்றாவது தொலையட்டும்.

ஆனால் வீட்டை விடமாட்டேன். அந்தச் சுவருக்கு நான் நின்று தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

ஜூன் 29 – ஞாயிறு

வழி ஒன்று தெரிகிறது. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் ஒரே கூரையில் வரிசையாக இருக்கும் லைன் வீடு ஒன்றுக்குப் போவது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு அலைகிறார்கள். வருகிற வாடகை வீட்டுத் தவணைக்கு ஏறக்குறைய சரியாக வரும். சொன்னேன். இவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"சொந்த ஊட்ட உட்டுப்போட்டு வாடகை ஊட்டுல போய் உக்காந்தா, அழகிரி மாமா என்ன சொல்லுவார்?"

அழகிரிசாமி மாமா இவருடைய தாய்மாமன். பல்லடத்தில் இரண்டு தறிக்கூடம் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது என்பதுவரை அவரைக் கேட்டுத்தான் நடந்தது. ஜன்னலுக்குத் தவணை கட்டுவது மட்டும் நாங்கள்.

ஜூலை 4 – வெள்ளி

நாத்தனார் அன்புச்செல்வி போன் செய்தாள். அவள் மகள் லாஸ்யா பெரியவளாகிவிட்டாள். ஆகஸ்ட் முப்பத்தொன்று, ஆவணியில் தெரட்டி சீர். தாய்மாமன் இவர்தான். "ஜமாய்ச்சுரலாம் கண்ணு, அண்ணன் இருக்கறேன்" என்று இவர் போனில் சொல்வதைச் சமையலறையிலிருந்து கேட்டேன். எதை வைத்து ஜமாய்ப்பாராம்?

ஜூலை 13 – ஞாயிறு

ரிஃபத் என்றொரு பையன், மனைவியும் கைக்குழந்தையுமாக வீட்டைப் பார்க்க வந்தார். பிடித்துவிட்டது. அட்வான்ஸ் உடனே தருகிறேன், அடுத்த ஞாயிறே குடிவரலாமா என்றார். அடுத்த ஞாயிறு என்றால் ஆடி நான்கு. எதற்கும் சொல்லிவிடுவோம் என்று சொன்னேன். "எங்களுக்கு ஆடியெல்லாம் இல்லைங்க அக்கா. உங்களுக்குப் பரவால்லையா?" என்றார்.

எனக்குப் பரவாயில்லை. இவருக்குத்தான்.

ஜூலை 15 – செவ்வாய்

இவரோடு சண்டை.

ஆவணி பொறக்கட்டும் என்கிறார். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்களாம். ஆவணி பிறப்பது ஆகஸ்ட் பதினேழு. பேங்க் சொன்னது ஆகஸ்ட் ஒன்று. இதைக் கூட்டிக் கழிக்க மேனேஜர் வேலை பார்த்திருக்க வேண்டுமா? ஆடியாம் ஆடி. வட்டிக்கு ஆடி இருக்குதா? பேங்குக்காரன் ஆடி முடியட்டும்னு காத்துட்டு நிப்பானா? நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் பாத்துத்தான இந்த ஊட்டுக்குப் பால் காச்சுனோம், அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?

இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். "எனக்கு வெசனமா இருக்குது ப்ரியா. ஆடியில போய், இன்னும் ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா?" என்றார். அவர் குரலில் இருந்தது கௌரவம் இல்லை, பயம். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. ஆனால் முடிவு இறங்கவில்லை. ரிஃபத்துக்குச் சரி என்று செய்தி அனுப்பிவிட்டேன்.

ஜூலை 20 – ஞாயிறு

மாறியாச்சு.

விடியும் முன் கிளம்பிவிடலாம், யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார் இவர். நான் டெம்போவைப் பதினொரு மணிக்கு வரச் சொன்னேன். திருடிக்கொண்டா போகிறோம்? எதிர்வீட்டு அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, ஆடியிலயா?" என்றார். "ஆமாங்க. கடன் கட்டோணும், அதான் ஊட்ட வாடகைக்கு உட்டுட்டோம்" என்றேன். அவர் கேட்டை விட்டுவிட்டு உள்ளே போனார். உண்மையைச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஒண்டிப்புதூரில் லைன் வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை. வீட்டுக்கார அம்மா நஞ்சம்மாள் முன்வீட்டில் இருக்கிறார். நாங்கள் வந்து இறங்கும் வரைக்கும், ஆடியில் வருவோம் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. "ஆடியில பால் காச்சறதுங்களா?" என்று கேட்டார். "பால் காச்சலைங்க. காபி வெச்சுக்கறோம்" என்றேன். சிரித்துவிட்டார். காபிக்குச் சர்க்கரை அவர்தான் கொடுத்தார், எங்கள் டப்பா எந்த மூட்டையில் போனதென்று தெரியவில்லை.

ஜூலை 30 – புதன்

ரிஃபத் தந்த அட்வான்ஸில் நின்றுபோன தவணைகளைக் கட்டினோம். நோட்டீஸ் வராது. பேங்க் வாசலில் ஆளுக்கொரு கரும்பு ஜூஸ் குடித்தோம். இன்றைக்கு ஒரு நாள் போகட்டும்.

ஆகஸ்ட் 6 – புதன்

இவர் சட்டையைத் துவைக்கப் போட்டால் பையில் ஒரு ரசீது. சீர்த்தட்டு வாடகைக்குக் கொடுக்கும் கடைக்கு ஐம்பத்தொரு தட்டுக்கு முன்பணம். அதற்கும் தங்கச் செயினுக்கும் சேர்த்துப் பைனான்ஸில் கடன் வாங்கித் தருவதாக அழகிரி மாமா சொல்லியிருக்கிறாராம். "தாய்மாமன் சீருங்கறது ஊரு பேசற பேச்சு மாப்ள. கௌரவத்த உட்றாத" என்றாராம்.

போனை எடுத்து அன்புச்செல்வியிடம் நேராகச் சொன்னேன். அண்ணனுக்கு வேலை இல்லை, வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம், கடன் வாங்கிச் சீர் செய்யமாட்டோம், ஐந்து தட்டு கொண்டு வருவோம்.

"எங்க ஊட்டுக்காரர் சொந்தத்துக்கு முன்னால நான் எப்படிங்க அண்ணி நிப்பேன்?" என்று கேட்டு வைத்துவிட்டாள். தப்பாகக் கேட்கவில்லை. அவள் நிற்கும் இடத்தில் அது கஷ்டம்தான். ஆனால் அந்தக் கஷ்டம் ஒரு நாள். பைனான்ஸ்காரன் மாதாமாதம் வருவான்.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

அழகிரி மாமா நேரிலேயே வந்துவிட்டார். வாசலில் நின்று லைன் முழுக்க ஒரு பார்வை பார்த்தார். "என்ன அம்மணி, நம்ம குடும்பத்துல யாராச்சும் இப்படி ஒரு ஊட்டுல இருந்திருக்கறாங்களா?"

"நாங்க இருக்கறோமுங்க மாமா. உள்ள வாங்க, உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். பைனான்ஸ்காரர் காத்திருப்பதாகவும், கையெழுத்து ஒன்று போட்டால் போதும் என்றும் இவரிடம் சொன்னார். நான் இவரையே பார்த்தேன். இந்த முறை நான் பேசுவதாக இல்லை. என்ன வந்தாலும் சரி, அவர் வாயிலிருந்து வரட்டும்.

இவர், "வேண்டாமுங்க மாமா" என்றார். அவ்வளவுதான். மாமா தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். நான் இவருக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 31 – ஞாயிறு

சீர் முடிந்து வந்தோம். ஐந்து தட்டு. பழம், பூ, வளையல், இனிப்பு, ஒரு பட்டுப்பாவாடை. செயின் இல்லை. மேளத்துக்குப் பின்னால் நானும் அக்ஷயாவும் இவரும் தூக்கிக்கொண்டு நடந்தோம். மீதி இரண்டு தட்டுக்கு அக்ஷயாவே லாஸ்யாவின் தோழிகளைப் பிடித்து வந்துவிட்டாள். பக்கத்துத் தெரு திரும்புவதற்குள் எங்கள் ஊர்வலம் முடிந்துவிட்டது. பந்தலில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசியதைப் பார்த்தேன். நன்றாகப் பேசட்டும். அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

மாமன் மாலை போடும்போது இவர் கண் கலங்கினார். லாஸ்யா, "அழாதீங்க மாமா, மேக்கப்பு போயிரும், நானும் அழுதுருவேன்" என்றாள். அன்புச்செல்வி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "சாப்புட்டீங்களா?" என்று கேட்டாள். இப்போதைக்கு அது போதும்.

செப்டம்பர் 8 – திங்கள்

அரசூரில் ஒரு சின்னப் பட்டறையில் இவருக்குச் சூப்பர்வைசர் வேலை. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. பஸ்ஸில் போனார்.

அக்டோபர் 5 – ஞாயிறு

இரண்டில் சின்னதாக இருந்த கிரெடிட் கார்டு பாக்கி அடைந்தது. வசூலுக்குப் போன் செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு நானே கூப்பிட்டு நன்றி சொன்னேன். பயந்துபோய் வைத்துவிட்டாள்.

நவம்பர் 9 – ஞாயிறு

மதியம் அழகிரி மாமா வந்தார். சீருக்குப் பிறகு இன்றைக்குத்தான். பஸ்ஸில் வந்திருக்கிறார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் தயாராகத்தான் இருந்தேன். சோறு போட்டேன், சாப்பிட்டார். கை கழுவி வந்து உட்கார்ந்தவர், கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கடைசி போர்ஷன் காலியாக் கெடக்குதாட்ட இருக்குதே. வாடகை எத்தன அம்மணி?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. யாருக்கு என்று கேட்டேன். "எனக்கும் உங்க அத்தைக்கும்தான்" என்றார். தறி ஓடி ஒரு வருடம் ஆகிறதாம். இரண்டு கூடத்துத் தறிகளையும் எடைக்குப் போட்டுவிட்டார். வீட்டு வாசலில் பேங்க் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டது. பல்லடத்தில் யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்பப் போயி எங்களக் கடன் வாங்கச் சொன்னீங்களே மாமா, ஏனுங்க?"

அவர் கோபப்படவில்லை. "நம்ம சொந்தத்துல ஒருத்தன் எறங்கிட்டான்னு தெரிஞ்சா, அடுத்தது யாருன்னு தேட ஆரம்பிச்சுருவாங்க அம்மணி" என்றார்.

எத்தனை நாள் இந்த மனிதரின் வாய்க்குப் பயந்து இவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அவரிடம் காட்டப் பிடிக்காமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால் இவர் மாமாவை நஞ்சம்மாள் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போயிருந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

நஞ்சம்மாள் மாமாவின் வெள்ளை வேட்டியையும் மோதிரத்தையும் பார்த்துவிட்டு இவரிடம் கேட்டார். "ஏனுங்க, பெரிய எடமாட்டத் தெரியுது. வாடகை மாசாமாசம் வந்துருமுங்களா?"

"எங்க மாமனுங்க. தறி நின்னுபோச்சு, ஊட்டு மேல கடன் இருக்குது" என்றார் இவர். குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை. "வாடகை வந்துருமுங்க. ஒரு மாசம் வரலைன்னா நான் தாரேன்."

நஞ்சம்மாள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "நீங்க சொன்னாச் சரிங்க" என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். வேலை போன பிறகு இவர் சொல்லை நம்பி ஒருவர் ஒன்றைக் கொடுத்தது இன்றைக்குத்தான். அட்வான்ஸ்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார்.

மாமா சாவியை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். இவர்தான், "வாங்க மாமா, உள்ள கொழாய் ஒண்ணு ஒழுகும், இப்பவே பாத்துரலாம்" என்று முன்னால் நடந்தார்.