விரிப்போடு வெளுத்துப் போன படம்

என் அன்புக் கொழுந்தனுக்கு, எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றையும் வெள்ளையாக விட்டுவைக்காத கதிரேசனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் சுவர் இருக்கிறதா? இருந்தால் அங்கேயும் கரியால் எதையாவது கிறுக்கி யாரிடமாவது திட்டு வாங்கிக்கொண்டிருப்பாய். இங்கே திட்டுவதற்கு நீ இல்லாமல் என் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் என்று உனக்குத் தெரியும். ஊருக்குக் கடிதாசி போட வேண்டுமென்றால் உன்னைத்தான் பிடித்து உட்கார வைப்பேன். நான் ஒன்று சொல்வேன், நீ அழகாக வேறொன்று எழுதுவாய். இப்போது உனக்கே எழுத வேண்டியிருக்கிறது, யாரைப் போய்க் கூப்பிடுவது? உன் நினைவு நாளுக்குப் பத்திரிகையில் போடலாம், பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன் என்று எதிர்வீட்டு டீச்சர் சொன்னார். நீ சிரிக்காமல் படி.

முதலில் வீட்டுச் சேதி. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் நாம் துணி காயப்போட்ட மைதானத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துவைக்கிற கல்லையெல்லாம் பெயர்த்து லாரியில் ஏற்றிப் போனார்கள். எங்களுக்குத் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்திருக்கிறது. மின்தூக்கியில் ஏறினால் உன் அண்ணன் இன்னமும் கண்ணை மூடிக்கொள்கிறார். பயமா என்று கேட்டால், சாமி கும்பிடுகிறாராம். இங்கே ஒவ்வொரு ஜன்னலுக்கு வெளியேயும் மூங்கில் கழியில் துணி தொங்குகிறது. "பாத்தீங்களா, ஊரே நம்ம தொழிலுக்கு வந்திருச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் நான் சொல்வதில் பாதிக்காவது சிரிப்பார்.

அவருக்கு இப்போது துவைக்கிற வேலை இல்லை. தேக்காவில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி மட்டும் போடுகிறார். துவைப்பதை மெஷின் பார்த்துக்கொள்கிறது.

வீடு மாறும்போது உன் படங்களை அவரேதான் துணி மூட்டை கட்டுவதுபோல் பக்குவமாகக் கட்டி எடுத்து வந்தார். யாரையும் தொட விடவில்லை. இப்போது கூடம் முழுக்க நீதான். தேக்கா சந்தை மீன்கடைக்காரர், பாலத்தடியில் படுத்திருக்கும் எருமை, பழைய வீட்டுக்கு எதிரே இருந்த சீனப் பாட்டியின் பூனை, அப்புறம் வாயை ஆவென்று திறந்து சிரிக்கிற நான். என்னை அவ்வளவு பல்லோடு வரைந்ததற்கு உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் ஒவ்வொரு படமாக நின்று பார்ப்பார். போன மாதம் அப்படிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரையும் வரைஞ்சிருக்கான். பூனையக்கூட வரைஞ்சிருக்கான். என்னைய மட்டும் வரையணும்னு அவனுக்குத் தோணலை பாரு, சரசு."

நான் கேட்காததுபோல் தட்டை எடுக்கக் குனிந்தேன், கதிரேசா. அவரே மேலும் சொன்னார். "அவனைச் சொல்லி என்ன. நான் எப்பவாவது நின்னு அவனுக்கு மூஞ்சியக் காட்டினேனா? எந்நேரமும் கல்லுப் பக்கம் திரும்பி முதுகைத்தான் காட்டினேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று உனக்குத்தான் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையே ஒருமுறை சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

அப்பா அம்மா போன பிறகு உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைத்தவர் உன் அண்ணன். நீ சட்டை மடிப்புக் கலையாமல் ஆபீசில் உட்கார வேண்டும், உன் சட்டையை அவர் இஸ்திரி போட்டுத் தர வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். உனக்கோ ஓவியப் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். பரீட்சை முடிந்ததும் ஒரு யோசனையோடு என்னிடம் வந்தாய். வரைந்த படம், எழுதிய கவிதை, கட்டிய பாட்டு, எல்லாவற்றையும் ஒரு சாயங்காலம் நம் மைதானத்திலேயே நாலு பேருக்குக் காட்டப்போகிறாயாம். படம் மாட்டச் சுவர் எதற்கு, துணிக்கொடி இருக்கிறது, கிளிப்பு இருக்கிறது என்றாய். நான் உன்னைக் கேலி செய்தேன். நீ சிரித்துவிட்டு மெதுவாகச் சொன்னாய். "அண்ணன் ஒரு தடவ உக்காந்து பாக்கட்டும், அண்ணி. பாத்துட்டு வேணாம்னு சொன்னா நான் பேசாம ஆபீசுக்கே போயிடுறேன்."

அதற்காகத்தான் அந்தப் பெரிய படம். ஓட்டல்காரர்கள் நைந்துபோனது என்று கழித்து, இஸ்திரி மேசைக்கு விரித்துக்கொள்ளச் சொல்லி எனக்குத் தந்த கட்டில் விரிப்பு ஒன்று இருந்தது. அதை என்னிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டாய். கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பல நாள் என்னவோ செய்தாய். எல்லாருக்கும் காட்டுவதற்கு முதல் நாள் மத்தியானம் என்னை மட்டும் கூப்பிட்டுக் காட்டினாய்.

உன் அண்ணன் முதுகு. முழு விரிப்புக்கும் அவர் முதுகு. கிழிந்த பனியன், வலது தோளில் அந்த மச்சம், இடுப்பில் ஏற்றிக் கட்டிய சாரம், கணுக்கால் வரைக்கும் தண்ணீர். நிழலுக்கெல்லாம் நாம் துணிக்குப் போடுகிற நீலத்தையே கரைத்துப் பூசியிருந்தாய். "இந்த மனுசன் மூஞ்சியவிட முதுகு அழகா இருக்கே" என்று நான் சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஈரம் காயட்டும் என்று கடைசிக் கொடியில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கமாகப் போட்டு வைத்தாய்.

விடிந்ததும் உன் அண்ணன் அதைப் பார்த்திருக்கிறார். கிட்டப்போய் முதலில் அவர் பார்த்தது மூலையை. எந்தத் துணியை எடுத்தாலும் சலவைக்காரர் கண் மூலைக்குத்தான் போகும். எந்த வீட்டுத் துணி என்று அங்கேதான் குறி போட்டிருக்கும். அது ஓட்டல் கழித்துவிட்ட விரிப்பு என்று அவருக்குத் தெரியாது, ஓட்டல் குறியும் அதில் அப்படியே இருந்தது. குறி இருக்கிற துணி அழுக்கோடு திரும்பக் கூடாது, அவருக்கு அது சாமி வாக்கு. யாரோ ஓட்டல் விரிப்பில் சாயத்தைக் கொட்டிவிட்டார்கள், கெட்ட பேர் நமக்கு வந்துவிடும் என்று பதறியிருக்கிறார். விரித்துக்கூடப் பார்க்கவில்லை. தன் முதுகு எப்படி இருக்கும் என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது? சோடாவில் ஊறவைத்து, வெள்ளாவியில் வைத்து, கல்லில் அடித்து, தன்னையே வெளுத்து எடுத்துவிட்டார்.

நீயும் நானும் காலையிலேயே மரக்கடைக்குப் பெஞ்சு இரவல் கேட்கப் போயிருந்தோம். மத்தியானம் தாண்டித் திரும்பி வந்தபோது கடைசிக் கொடியில் பால் போல ஒரு விரிப்பு ஆடிக்கொண்டிருந்தது.

நீ அழுவாய் என்று நினைத்தேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மற்ற படங்களை மாட்டப் போய்விட்டாய். சாயங்காலம் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், அக்கம்பக்கத்தார் வந்தார்கள். உன் அண்ணன் உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் போய்க் கூப்பிடும்போதெல்லாம் இதோ அஞ்சு நிமிஷம் என்றார்.

நீ கவிதை படித்தாய். எனக்கு மனப்பாடம் ஆன கவிதை அது ஒன்றுதான்.

ஊர் அழுக்கெல்லாம் ஒருநாள்
எங்கள் வாசலில் வந்து இறங்கும்.
வெள்ளையாகித் திரும்பிப் போகும்போது
எங்களைத்
திரும்பியும் பார்க்காது.

பிறகு மவுத் ஆர்கன் வாசித்தாய். சாங்கி முகாம் சோல்ஜர் ஒருவர் வெளுக்கப் போட்ட சட்டைப் பையில் மறந்துவிட்டு, நீ திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் நீயே வைத்துக்கொள் என்று தந்தாரே, அதேதான். துணி அடிக்கும்போது உன் அண்ணன் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே அந்தப் பாட்டைக் கட்டியிருந்தாய். உள்ளே இஸ்திரிப் பெட்டி கொஞ்ச நேரம் நின்றது. "என்ன இவன், மூச்சு வாங்குற மாதிரி வாசிக்கிறான்" என்று கேட்டார் அவர். அவ்வளவு கிட்டே வந்துவிட்டார், பார்.

எல்லாம் முடியும் நேரத்தில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். படங்களை வேகமாக ஒரு சுற்றுப் பார்த்தார். பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் உன் சிநேகிதன் ஒருவன் வெள்ளை விரிப்பைக் காட்டி, "இதுல என்னடா படம்? சும்மா சொல்லு லா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். உன் அண்ணனுக்கு ஒரே பெருமை.

"இதுவா தம்பி? காலைல பாத்திருக்கணும் நீங்க. எவனோ பெயிண்டக் கொட்டி நாசம் பண்ணி வெச்சிருந்தான். இப்ப ஒரு பொட்டுக் கறை இருக்கா பாருங்க."

நீ அவரைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன்.

"ஆமாண்ணே," என்றாய். "நல்லாப் போயிருச்சு."

மறுநாள் அந்த விரிப்பு மற்ற மூட்டையோடு ஓட்டலுக்கே போய்விட்டது. "எவனோ வெள்ளைக்காரன் அண்ணன் முதுகு மேல படுத்துக் குறட்டை விடப்போறான், அண்ணி" என்று நீதான் சிரித்தாய். சிரித்துவிட்டு என்னிடம் சத்தியம் வாங்கினாய். அண்ணனிடம் சொல்லக் கூடாது, அவர் தாங்கமாட்டார், வேறொன்று வரைந்து இந்தத் தடவை அவரை நாற்காலியில் உட்கார வைத்தே காட்டுகிறேன் என்றாய். அவர் உன் படங்களைப் பற்றி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீயாகவே ஆபீசுக்குப் போனாய். மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நாள் கடந்துவிட்டது என்றார்கள். புது விரிப்பு ஒன்றை உனக்காக எடுத்து வைத்திருந்தேன். அதைத்தான் உன் மேல் போர்த்தினோம்.

கதிரேசா, நீ வாங்கிய சத்தியத்தை இத்தனை காலம் காப்பாற்றினேன். ஆனால் உன்னை வளர்த்தவர், தன்னை வரைய உனக்கு மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டே தினமும் சுவரைப் பார்த்து நிற்கிறார். வரைந்தான் என்று சொன்னால், அதை நீங்களே அழித்தீர்கள் என்றும் சொல்லியாக வேண்டும். இதில் எது அவருக்குப் பெரிய வலி? நீ இருந்தால் உன்னைக் கேட்டிருப்பேன். இந்தக் கடிதம் அச்சாகி, டீக்கடையில் எவனாவது படித்துக் காட்டி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் நேற்று நானே சொல்லிவிட்டேன். கோபப்படாதே.

முழுக்கச் சொன்னேன். விரிப்பு, ஓட்டல் குறி, நீ ஆமாண்ணே என்றது, எல்லாம். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அழுவார், என் மேல் பாய்வார் என்று பயந்து காத்திருந்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"படத்துல நான் அடிக்கிற துணி தலைக்கு மேல இருந்துச்சா, கல்லு மேல இருந்துச்சா?"

எனக்கு ஞாபகம் இல்லை. மச்சம் ஞாபகம் இருக்கிறது, பனியன் கிழிசல் ஞாபகம் இருக்கிறது, அந்த நீலம் கண்ணிலேயே நிற்கிறது. கை மட்டும் எங்கே இருந்தது என்று வரமாட்டேன் என்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். பார்த்த நேரத்தில் பாதியைக் கேலிக்குக் கொடுத்துவிட்டேனே.

தெரியவில்லை என்று சொன்னேன். அவர் எழுந்தார். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். "இப்படியா?" என்றார். பிறகு பாதி இறக்கினார். "இல்ல இப்படியா?"

நீ பார்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். கொஞ்சம் இடது பக்கம் திரும்பச் சொன்னேன். திரும்பினார். கை இறங்கவில்லை. போதும் என்று நான் சொல்லும் வரைக்கும் அப்படியே நின்றார். உனக்காக நில் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நின்றிருப்பாரோ, என்னவோ.

எனக்கு வரையத் தெரியாது, கதிரேசா. ஆனால் உனக்கு இந்த ஒரு வாக்குத் தருகிறேன். அவர் எப்போது எழுந்து நின்று கேட்டாலும், கை வேலையைப் போட்டுவிட்டுப் பார்ப்பேன். பார்த்து முடிக்கும் வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்.

உன்னை வம்புக்கு இழுத்தே வளர்த்த
உன் அண்ணி,
சரசு